பதரும் பொன்னும்

ஆறாம் வகுப்பு அறிவியலில் கலவைகளைப் பிரிப்பது பற்றி ஒரு பாடம் உண்டு. கையால் பொறுக்குதல், தூற்றுதல், சலித்தல், காந்தத்தால் பிரித்தல், தெளியவைத்து இறுத்தல், வடிகட்டுதல், ஆவியாக்குதல் என்று வரிசையாக வரும். மணலும் உப்பும் கலந்து கிடக்கின்றன, எப்படிப் பிரிப்பாய் என்று கேள்வி. நீரில் கரைத்து, வடிகட்டி, காய்ச்சி எடுப்பேன் என்று பதில். ஐந்து மதிப்பெண்ணோடு விஷயம் முடிந்துவிடும். பள்ளிக்கூடத்துப் பாடங்களில் இவ்வளவு சப்பென்று மனத்தில் நிற்பது வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம்.

தாராசுரத்தில் இந்தப் பாடத்தை நடத்துகிற ஆசிரியர்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. கும்பகோணத்தை ஒட்டிய இந்த ஊரை வெளியூர்க்காரர்கள் ஐராவதேசுவரர் கோயிலை வைத்து அறிவார்கள். இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த கோயில் அது; 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது. கல் தேரையும் கல் குதிரையையும் படம் பிடித்துக்கொண்டு வண்டி ஏறுகிறவர்கள் பக்கத்திலிருக்கும் பட்டு நெசவுத் தெருக்களையும், அவற்றுக்கு அப்பாலுள்ள வயல்களையும் அநேகமாகப் பார்ப்பதில்லை. அந்தப் பாடத்தின் முக்கால்வாசி வரிகள் அங்கே யாரோ ஒருவருடைய பிழைப்பாக அன்றாடம் நடக்கின்றன.

முறைகளின் பெயரை மனப்பாடம் செய்வதில் பெரிய லாபம் இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: கலந்து கிடக்கும் இரண்டும் எதில் வேறுபடுகின்றன? எடையிலா, பருமனிலா, கரைவதிலா, உருகுவதிலா? அது பிடிபட்டால் முறை பின்னாலேயே வந்துவிடும்.

களத்தில் தொடங்கலாம். திரண்ட நெல்லையும் பதரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீளம் ஒன்று, அகலம் ஒன்று, மேலே போர்த்திய உமியும் ஒன்று. சல்லடையால் இவற்றைப் பிரிக்க முடியாது. கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் உள்ளே மாவு ஏறியது நெல்; ஏறாமல் போனது பதர்; அரைகுறையாக ஏறியது கருக்காய். வேறுபாடு உமிக்குள்ளே, எடையில் மட்டும் ஒளிந்திருக்கிறது. அதை வெளியே கொண்டுவரக் காற்று வேண்டும். காற்று மணியின் மேற்பரப்பைத்தான் தள்ளும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அதற்குப் பொருட்டல்ல. எல்லா மணிக்கும் ஏறத்தாழ ஒரே தள்ளு. ஆனால் கனமானதை அந்தத் தள்ளு அசைப்பது கொஞ்சம், கனமில்லாததை அடித்துக்கொண்டு போவது அதிகம். உயரத்திலிருந்து முறத்தைச் சாய்த்துக் கொட்டினால் நெல் காலடியில் குவியும், கருக்காய் சற்றுத் தள்ளி விழும், பதர் களத்து ஓரத்துக்குப் போகும். ஒரே கொட்டலில் மூன்று தரம்.

இன்று அறுவடை இயந்திரத்தின் வயிற்றுக்குள் கதிரடிப்பதும் தூற்றுவதும் சேர்ந்தே நடந்துவிடுகின்றன. சுழலும் உருளை மணியை உதிர்க்கிறது, விசிறி பதரை ஊதுகிறது, அடியிலுள்ள சல்லடை துண்டு வைக்கோலைத் தடுக்கிறது. அதற்குப் பிறகும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் இன்னொரு தூற்றும் இயந்திரம் காத்திருக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அங்கே பொதுவான விதி. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் டெல்டா முழுவதும் அந்த எண்ணைப் பற்றித்தான் பேச்சு. நெல்லையும் அதற்குள் புகுந்த நீரையும் வெயிலால் பிரிப்பது, பாடப்புத்தகம் ஆவியாதல் என்று சொல்கிற அதே வேலை. சாலையோரத்தில் நெல்லைக் கொட்டிக் காலால் அளைந்துவிடுகிறவருக்கு அந்தச் சொல் தேவைப்படுவதில்லை.

முறத்துக்கு இன்னொரு வித்தை தெரியும். புடைக்காமல் இடவலமாக ஆட்டி நாவினால் குருணை அடிக்குப் போய் முழு அரிசி மேலே வந்துவிடும். கனமானதுதானே கீழே போக வேண்டும்? முழு அரிசி குருணையைவிடப் பெரியது, கனமானது. அது எப்படி மேலே வருகிறது? முறம் ஆடும்போது அரிசிகளுக்கு இடையே இடுக்குகள் தோன்றித் தோன்றி மறைகின்றன. சின்ன இடுக்கில் குருணை நுழைந்துவிடும், முழு அரிசி நுழைய முடியாது. குருணை விட்டுப்போகும் இடமும் முழு அரிசிக்குப் போதாது. ஆகவே ஒவ்வொரு ஆட்டத்திலும் சின்னது ஒரு படி இறங்கும், பெரியது இருந்த இடத்திலிருந்து கீழே போக வழியில்லாமல் மேலே தள்ளப்படும். வெளிநாட்டுக் கொட்டைப் பொட்டலங்களில் பெரிய பிரேசில் கொட்டை எப்போதும் மேலே கிடப்பது ஏன் என்று இயற்பியலாளர்கள் 1987இல் கணினியில் கணக்குப் போட்டுக் கட்டுரை எழுதினார்கள். அப்போதும் நம் வீட்டுத் திண்ணைகளில் முறம் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

சின்னக் கல் விஷயத்தில் முறமும் திணறும். அரிசி அளவே உள்ள கல் இருந்தால் பருமனால் பிரிக்க முடியாது. எடை வேறுபாடும் காற்றில் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. இங்கேதான் அரிசி அரிக்கிற பெண்களின் கை வருகிறது. பாத்திரத்தில் நீர் விட்டு, அலையடிக்கிற மாதிரி ஆட்டி, மேலே மிதந்தெழும் அரிசியை நீரோடு இன்னொரு பாத்திரத்துக்குச் சாய்த்துக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் முதல் பாத்திரத்தின் அடியில் நாலு கல் தங்கும்.

ஏன் நீர் வேண்டும்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன செண்டிமீட்டர் அரிசி ஏறக்குறைய 1.45 கிராம். அதே அளவு கல் 2.65 கிராம். கல்லின் கனம் அரிசியின் கனத்தைப்போல 1.8 மடங்கு; இரண்டு மடங்குகூட இல்லை. நீரில் மூழ்கியதும் இரண்டும் தாம் விலக்கிய நீரின் எடையான ஒரு கிராமை இழக்கின்றன. அரிசிக்கு மிஞ்சுவது 0.45, கல்லுக்கு மிஞ்சுவது 1.65. விகிதம் சட்டென்று 3.7 மடங்காகிவிடுகிறது. கல்லும் மாறவில்லை, அரிசியும் மாறவில்லை. இரண்டிலிருந்தும் ஒரே தொகையைக் கழித்ததால் இருந்த வேறுபாடு பெரிதாகிவிட்டது. ஆற்று மணலில் பொன் அரித்தவர்கள் உலகெங்கும் செய்தது இதைத்தான். நவீன அரிசி ஆலையில் கல் நீக்கும் இயந்திரம் நீருக்குப் பதில் அடியிலிருந்து காற்றை ஊதி, அதிரும் சாய்தட்டில் அரிசியை மட்டும் மிதக்கவிட்டு அதே பலனை வாங்குகிறது. பக்கத்திலேயே ஆணித் துண்டுகளைப் பிடிக்கக் காந்தம் இருக்கும். கடைசியில் கறுப்பு அரிசியைக் கேமராவால் கண்டு ஊதித் தள்ளுகிற கலர் சார்ட்டரும் இருக்கும். அது கையால் பொறுக்குவதேதான், என்ன, அலுத்துக்கொள்ளாது.

வேறுபாட்டை நீர் பெருக்கித் தருகிறது என்றால், அந்த நீரையே மாற்றிப் பார்த்தால் என்ன? விதைநெல் தேர்ந்தெடுக்கும் முறையில் அது நடக்கிறது. வெறும் நீரில் நெல்லைப் போட்டால் பதர் மிதக்கும், கருக்காய் மூழ்கிவிடும். விதைக்குக் கருக்காயும் ஆகாது. முளைத்தாலும் நாற்று சவலையாக இருக்கும். ஆகவே நீரில் கல்லுப்பைக் கரைத்துக்கொண்டே போவார்கள். எவ்வளவு என்று அளக்கக் கருவி வேண்டாம், ஒரு கோழிமுட்டை போதும். முதலில் அடியில் கிடக்கும் முட்டை, உப்பு ஏற ஏற மேலே வந்து, பழைய 25 காசு அகலத்துக்கு முதுகைக் காட்டும். அதுதான் பதம். இப்போது அந்தக் கரைசல் கருக்காயைவிட அடர்த்தி அதிகம், நல்ல நெல்லைவிடக் குறைவு. கோடு சரியாக இரண்டுக்கும் நடுவே விழுந்துவிட்டது. மிதப்பதை அள்ளிப் போட்டுவிட்டு, மூழ்கிய விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசி எடுக்க வேண்டும். உப்பு தங்கினால் முளைப்பு கெடும். முட்டை புதிதாக இருக்க வேண்டும் என்று சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. நாளாக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் போய், உள்ளே காற்றறை பெரிதாகி, பழைய முட்டை வெறும் நீரிலேயே மிதக்கத் தொடங்கிவிடும். அதை நம்பி உப்பைக் கரைத்தால் கருக்காய் முழுவதும் நாற்றங்காலுக்குப் போய்விடும்.

இந்த வயல்களே ஒரு பிரிப்பு வேலையின் பலன்தான். குடகு மலையிலிருந்து இறங்கும் காவிரி கூழாங்கல், மணல், வண்டல், களி எல்லாவற்றையும் கலந்து கொண்டுவருகிறது. சமவெளியில் வேகம் குறையக் குறையப் பெரியதை முதலிலும் சிறியதைக் கடைசியிலும் கீழே போடுகிறது. நீரில் சிறு துகள் எவ்வளவு வேகமாக அமிழும் என்பதற்கு ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1851இல் ஒரு விதி தந்தார்: வேகம் துகளுடைய விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒரு பங்கானால் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். அசையாத நீரில் 0.1 மில்லிமீட்டர் மணல்துகள் ஒரு மீட்டர் இறங்க ஏறக்குறைய இரண்டு நிமிடம் போதும். 0.01 மில்லிமீட்டர் வண்டலுக்கு மூன்று மணி நேரம். 0.001 மில்லிமீட்டர் களித்துகளுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள். அதனால்தான் மணல் ஆற்றுப் படுகையிலும், வண்டல் வாய்க்கால் வழியே வந்து வயலிலும் தங்குகின்றன.

ஆறு இப்படிப் பிரித்துப் போடுவது எப்போதும் நமக்குச் சாதகமாக இருந்ததில்லை. காவிரி இரண்டாகப் பிரியும் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம். காவிரிக் கிளைக்குக் குறைவு. சரிவு குறைந்த கிளையில் வண்டல் படிந்து படுகை மேடிட, நீர் கொள்ளிடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. ஆர்தர் காட்டன் 1836இல் மேலணை கட்ட முனைந்தது இந்தச் சங்கடத்தைத் தீர்க்கத்தான். பிறகு 1934இல் மேட்டூர் அணை வந்தது. நீரைத் தேக்க எழுந்த அந்த அணை, கூடவே மிகப் பெரிய தெளியவைக்கும் தொட்டியாகவும் ஆகிவிட்டது. மேலே இருந்து வரும் வண்டலில் பெரும்பங்கு அங்கேயே படிகிறது. தெளிந்த நீர் வயலுக்கு வருவது நல்லதென்று நினைக்கத் தோன்றும். வயலுக்கு அது நஷ்டம் என்பதே என் கட்சி.

பக்கத்து ஊரான சுவாமிமலையில் படிமம் வார்க்கிறவர்களுக்கு அந்த நுண்ணிய காவிரி வண்டல்தான் மூலதனம். மெழுகில் செய்த உருவத்தின்மேல் முதல் பூச்சாக அதைப் பூசுகிறார்கள். துகள் நுண்மையாக இருப்பதால் விரல் ரேகை அளவு நுணுக்கமும் அச்சில் பதிந்துவிடும். அதன்மேல் தடித்த மண் பூசிக் காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி வழிந்துவிடும், மண் அசையாது. உருகுநிலையில் உள்ள வேறுபாட்டைக் கொண்டு பிரிப்பது இது. வழிந்த மெழுகைப் பிடித்து அடுத்த சிலைக்கு வைத்துக்கொள்வார்கள்.

பத்துப் பன்னிரண்டு நாள் காத்திருக்க முடியாதவர்கள் கலங்கல் ஆற்றுநீரை என்ன செய்தார்கள்? பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையைத் தேய்த்து, அதில் நீரை ஊற்றி வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் சேறு அடியில் அமர்ந்து நீர் தெளிந்தது. கலித்தொகைக் காலத்துக்கே பழைய வழக்கம் இது. கலங்கிய மனம் தெளிந்ததற்கு அந்த நூல் இதை உவமையாக்குகிறது. களித்துகள்கள் எல்லாம் எதிர்மின் சுமை ஏந்தியவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதப்பவை. கொட்டையிலிருந்து கரைந்து வரும் நீண்ட சர்க்கரைச் சங்கிலி மூலக்கூறுகள் துகளுக்குத் துகள் பாலமாகி அவற்றைக் கட்டியாகச் சேர்க்கின்றன. கட்டியின் விட்டம் பத்து மடங்கானால், ஸ்டோக்ஸ் கணக்குப்படி, அமிழும் வேகம் நூறு மடங்குவரை கூடலாம். நகராட்சிக் குடிநீர்த் தொட்டியில் படிகாரம் வேறு வழியில் அதே வேலையைச் செய்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் துகளைத் துகளிலிருந்து, அல்லது நீரிலிருந்து பிரிக்கிற சங்கதி. கரைந்துபோனது வேறு ஜாதி. உப்பு நீரை எத்தனை நாள் வைத்தாலும் உப்பு அடியில் அமராது, வடிகட்டியிலும் நிற்காது. டெல்டாவின் தென்கோடியில் வேதாரண்யம் உப்பளங்களில் அதற்கான கூலியை வெயில் கொடுக்கிறது. எவ்வளவு கூலி? ஒரு லிட்டர் கடல்நீரில் சோடியம் குளோரைடு ஏறத்தாழ 27 கிராம். ஒரு கிலோ உப்புக்குக் குறைந்தது 37 லிட்டர் நீர் ஆவியாக வேண்டும். ஒரு லிட்டரை ஆவியாக்க மூன்றில் இரண்டு யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் என்றால், ஒரு கிலோ உப்புக்கு 25 யூனிட். வீட்டு மீட்டரில் அதை ஓட்டிப் பார்த்தால் உப்பின் விலை என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உப்பைக் கடலில் கரைக்க ஒருவரும் ஒரு காசும் செலவழிக்கவில்லை. கலப்பது தானே நடக்கும், பிரிப்பதற்குத்தான் யாராவது செலவு செய்தாக வேண்டும். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து, அந்த மாதம் 30ஆம் தேதி இராஜாஜி வேதாரண்யத்தில் அள்ளியது இப்படி வெயில் ஏற்கெனவே கூலி கொடுத்து வைத்திருந்த உப்பை. அதற்கு வரி கேட்டதுதான் வெள்ளைக்கார அரசின் துணிச்சல்.

அங்கே பாத்திக்குப் பாத்தி நீரை மாற்றுவதிலும் ஒரு பிரிப்பு உண்டு. கடல்நீர் ஐந்தில் ஒரு பங்காக வற்றும்போது ஜிப்சம் படியும். பத்தில் ஒரு பங்கானபின்தான் உப்பு பூக்கும். மெக்னீசியம் உப்புகள் கடைசிவரை கரைந்தே கிடக்கும். அந்தக் கசப்பு நீரை வெளியே விட்டுவிட வேண்டும். நேரம் தவறினால் உப்பு கசக்கும், ஈரம் பிடிக்கும். ஒரே வெயில்தான், எந்தப் பாத்தியில், எப்போது அள்ளுவது என்பதில் இருக்கிறது உப்பளத்தாரின் அறிவு.

மறுபடி தாராசுரத்து நெசவுத் தெருவுக்கு வரலாம். பட்டுப் புழு நூற்கும் இழை இரண்டு புரதங்களால் ஆனது: நடுவே ஃபைப்ராயின், அதைச் சுற்றிப் பசையாக செரிசின். கச்சாப் பட்டு விறைப்பாகவும் மங்கலாகவும் இருப்பது செரிசினால். சோப்பும் சோடாவும் கரைத்த கொதிநீரில் அவித்தால் செரிசின் கரைந்து போகும். ஃபைப்ராயின் மூலக்கூறுகள் நெருக்கி அடுக்கியவை, நீர் உள்ளே புக இடம் தராது. அதனால் அது தப்பும். ஒரு கிலோ கச்சாப் பட்டு சாயப்பட்டறையில் ஏறக்குறைய முக்கால் கிலோவாகிவிடும். காணாமல்போன கால்கிலோ திருடப்பட்டதல்ல, அவித்த நீரில் இருக்கிறது. பளபளப்புக்கு நாம் கொடுக்கும் விலையில் அதுவும் அடக்கம்.

அந்தப் பட்டோடு சேர்வது சரிகை. அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் செம்பு கலந்த வெள்ளித் தகட்டிழையைச் சுற்றி, அதன்மேல் மிக மெல்லிய பொன்முலாம் பூசியது. பழைய பட்டுச் சேலை வாங்குகிறோம் என்று வருகிறவர்கள் தேடுவது அதில் உள்ள வெள்ளியையும் பொன்னையும். பொன், வெள்ளி, செம்பு, பட்டு நான்கும் ஒரு முடி தடிமனுக்குள் ஒட்டிக் கிடக்கின்றன. முறமும் சல்லடையும் நெருங்க முடியாத இடம். இங்கே கடைசி உத்தி: வேறுபாடு கைக்குச் சிக்காவிட்டால் ஒன்றை உண்டாக்கு.

முதலில் எரிப்பார்கள், பட்டு சாம்பலாகும், உலோகம் நிற்கும். அதை நைட்ரிக் அமிலத்தில், பத்தர்கள் வாயில் திராவகத்தில், இடுவார்கள். வெள்ளியும் செம்பும் கரைந்து நீலக் கரைசலாகும். பொன் கரையாது, பழுப்புத் தூளாக அடியில் நிற்கும். அதை வடிகட்டி உருக்கினால் மஞ்சள் நிறம் திரும்பும். மிஞ்சிய கரைசலில் வெள்ளி இப்போது சில்வர் நைட்ரேட். ஒரு லிட்டர் நீரில் அது இரண்டு கிலோவுக்குமேல் கரையும். அதில் சமையல் உப்பைப் போட்டதும் வெள்ளி, குளோரினோடு சேர்ந்து சில்வர் குளோரைடு ஆகிறது. ஒரு லிட்டரில் அது கரைவது ஏறக்குறைய இரண்டு மில்லிகிராம். ஒரு கைப்பிடி உப்பு, கரைதிறனைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காக்கிவிடுகிறது. வெள்ளி தயிர்போலத் திரண்டு அடியில் அமர்கிறது. செம்பு நீரிலேயே நின்றுவிடுகிறது. தெளியவைத்து இறுத்தால் போதும். எரிப்பதும் அமிலத்தில் கரைப்பதும் வேதிமாற்றம், பாடத்தில் சேராது என்று ஆசிரியர் ஆட்சேபிக்கலாம். நியாயம்தான். ஆனால் வடிகட்டுவதும் இறுப்பதும் ஆறாம் வகுப்புப் பாடமே.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விதைநெல் ஒரு படி, கல்லுப்பு, புது முட்டை, ஒரு வாளி நீர் இவை போதும். இந்தப் பாடத்தை ஒரு மணி நேரத்தில் நடத்திவிடலாம். மிதக்கும் கருக்காயை அள்ளி நசுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். திராவக வேலை மட்டும் வகுப்பிலும் வேண்டாம், வீட்டிலும் வேண்டாம். அதிலிருந்து எழும் செம்பழுப்புப் புகை நுரையீரலை அரிக்கும், பாதிப்பு சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். பாட்டியின் சேலையை விற்பதாக இருந்தால், முதலில் சரிகை இழை ஒன்றைப் பிரித்துப் பார்த்து, இரண்டு கடைகளில் விலை கேளுங்கள். முலாம் பூசிய செம்புச் சரிகையும் பிளாஸ்டிக் சரிகையும் இப்போது நிறைய வந்துவிட்டன. அவற்றை எந்த அமிலத்தில் போட்டாலும் பேர் சொல்லும்படி வெள்ளி கிடைக்காது.